சங்கு ஊதாத வேலைகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலையைப் பற்றித்தான். அப்பாக்கள் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், ஒரு பட்டறை முதலாளியும் எழுதியிருக்கிறார். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் 29 வருடம் உட்கார்ந்து மற்றவர்களின் நேரத்தைக் கணக்குப் போட்டவள் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. யார் பெயரும் போடவில்லை, ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

*

கேள்வி: நான் ஒரு கம்பெனியில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். மகனுக்கு 25 வயது, இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடத்தில் இது இரண்டாவது கம்பெனி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆபீஸிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டான். இப்போது 'எனக்கு இங்கே வளர்ச்சி இல்லை' என்று மூன்றாவது கம்பெனி தேடுகிறான். நாங்கள் எல்லாம் இப்படியா இருந்தோம்? கஷ்டப்படாமல் மேலே வந்துவிட நினைப்பது சரியா, நீங்களே சொல்லுங்கள் அம்மா.
– ஓய்வுபெற்ற தொழிலாளி, தண்டையார்பேட்டை

ஐயா, நீங்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஃபர்னஸ் பக்கத்தில் நின்று வந்தவர்களின் கார்டை தினமும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், வியர்வையில் நனைந்து எண்ணே அழிந்திருக்கும். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். உங்கள் கம்பெனியில் சங்கு ஊதியது.

நாலரை மணிக்குச் சங்கு. கை கழுவி, கார்டைப் பஞ்ச் பண்ணி, சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் எல்லோரும் ஹைரோட்டுக்கு வந்துவிடுவீர்கள். அதற்கு அப்புறமும் ஆள் வேண்டும் என்றால் சூப்பர்வைசர் உங்களிடம் வந்து கேட்க வேண்டும், ஓ.டி. ஸ்லிப்பில் கையெழுத்துப் போட வேண்டும், அந்த ஸ்லிப் என் மேஜைக்கு வரும், நான் அந்த மணிநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் எழுதுவேன். ஸ்லிப் இல்லாமல் உங்களை அரை மணி நேரம் நிறுத்தினால் யூனியன்காரர் வந்து நின்றுவிடுவார். வீட்டுக்குப் போன பிறகு உங்களைக் கூப்பிட கம்பெனிக்கு வழியே கிடையாது, தெருவுக்கு ஒரு வீட்டில் போன் இருந்தால் அதிகம். உங்கள் மகனுக்குச் சங்கு ஊத யாரும் இல்லை, ஐயா. அதனால் ஆறு மணிக்கு அவனே ஊதிக்கொள்கிறான்.

வளர்ச்சியும் அப்படித்தான். மூன்று வருடத்துக்கோ நான்கு வருடத்துக்கோ ஒருமுறை யூனியன் உட்கார்ந்து பேசி, லேபர் ஆபீஸர் முன்னால் சம்பள ஒப்பந்தம் போட்டார்கள், பன்னிரண்டு-மூன்று ஒப்பந்தம் என்று சொல்வோம். யாருக்கு எவ்வளவு ஏறும், எந்த கிரேடு எப்போது வரும் என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிடுவார்கள். நீங்கள் தனியாகப் போய் யாரிடமும் கைகட்டிக் கேட்க வேண்டியிருந்ததில்லை. உங்கள் மகனுக்கு ஒரு மேனேஜர் ரேட்டிங் போடுகிறார், பக்கத்து சீட்டில் இருப்பவனுக்கு எவ்வளவு ஏறியது என்பதே இவனுக்குத் தெரியாது, எத்தனை வருடம் இருந்தால் எந்த இடம் என்று எழுதிவைத்த காகிதமும் கிடையாது. சம்பளத்தை ஏற்ற அவன் கையில் இருக்கும் ஒரே பிடி இன்னொரு கம்பெனியின் ஆஃபர் லெட்டர். நீங்கள் கூட்டமாகப் பேசி வாங்கியதை அவன் தனியாளாக, கம்பெனி மாறி மாறி வாங்கப் பார்க்கிறான்.

நம் பகுதியில் நேரத்துக்காக நடந்த சண்டை இன்று நேற்றையது இல்லை. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பெரம்பூரில் பி அண்டு சி துணி மில் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு எல்லோரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்களே, அப்போது தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மதியம் சாப்பிட விடும் நேரம் போதவில்லை என்பது. உட்கார்ந்து சோறு சாப்பிட இன்னும் சில நிமிடம் கேட்டார்கள், அவ்வளவுதான். 1921-இல் அதே மில்லில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1946-இல், டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சட்டத்தில் ஏறியது. உங்களுக்கு நாலரைக்கு ஊதிய சங்குக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். அதே சங்கை உங்கள் மகன் கேட்டால் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அவன் பக்கமும் சில கேள்விகள் இருக்கின்றன, அவற்றை நீங்கள் கேட்கலாம். இரண்டு கம்பெனியில் இருந்தாயே, இன்றைக்கு உனக்குத் தனியாகச் செய்யத் தெரிந்த வேலை எது? அடுத்த கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தால் என்ன புதிதாகத் தெரிந்திருக்கும்? இதற்கு அவனிடம் பதில் இருந்தால் போகட்டும். சம்பளம் மட்டும்தான் பதில் என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த போன் விஷயம். எடுக்காமல் விடுவதைவிட, 'அவசரம் என்றால் மெசேஜில் அவசரம் என்று போடுங்கள், உடனே எடுக்கிறேன், மற்றதைக் காலையில் வந்து பார்க்கிறேன்' என்று மேனேஜரிடம் ஒருமுறை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. முக்கியமாக, பழைய கம்பெனி பி.எஃப்.பை எடுத்துச் செலவு செய்துவிட்டானா, புதிய கம்பெனிக்கு மாற்றினானா என்று பாருங்கள். பி.எஃப். பென்ஷன் கிடைக்க மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். பணத்தை முழுதாக எடுத்துவிட்டால் அந்தச் சர்வீஸும் சேர்ந்து போய்விடும். இதை அவன் வயதில் யாரும் யோசிப்பதில்லை.

பேச்சை 'நாங்கள் எல்லாம்' என்று தொடங்காதீர்கள் ஐயா. நாலரைச் சங்குக்கு அப்புறம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். மன்றத்தில் கேரம் ஆடியது, பையனைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து ராயபுரம் வரை போய் வந்தது. அந்தச் சாயங்காலங்களில்தான் அவன் வளர்ந்தான்.

*

கேள்வி: விம்கோ நகரிலிருந்து ஓ.எம்.ஆர். போய் வருகிறேன். காலையில் மெட்ரோவில் கிண்டி, அங்கிருந்து கம்பெனி வேன், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு வருடமாக ஒன்பது பேர் கொண்ட டீமை நான்தான் நடத்துகிறேன், ஆனால் டெசிக்னேஷனும் சம்பளமும் பழையபடியே. கேட்டால் 'முதலில் ரோலைச் செய்து காட்டு, தானாக வரும்' என்கிறார் மேனேஜர். வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு. வளர்ச்சியும் வேண்டும், வீட்டுக்கு வெளிச்சம் இருக்கும்போது வர வேண்டும் என்றும் ஆசை. இரண்டும் கேட்டால் பேராசையா அம்மா?
– ஐ.டி. ஊழியர், 27 வயது, திருவொற்றியூர்

பேராசை இல்லை கண்ணு. முதலில் என் பழைய தொழில்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 20 மணி நேரம். லீவு நாட்களைக் கழித்து வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் 960 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டாக வகுத்தால் 120 ஷிஃப்ட். வருடத்தில் நான்கு மாதச் சம்பள நாட்களுக்கு மேல் நீ பயணத்துக்கே கொடுக்கிறாய், அதில் பத்துப் பைசா கிடையாது. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகுதான் இந்தக் கணக்கே இந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. அதற்கு முன்னால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ்ஸில் நின்றபடி போனவர்களைக் கேட்டால் தெரியும்.

'செய்து காட்டு' என்று சொல்வது ஒரு மூன்று மாதத்துக்கு, போனால் ஆறு மாதத்துக்கு நியாயம். புது ஆளுக்கு அந்த வேலை வருமா என்று அவர்களும் பார்க்க வேண்டும் இல்லையா. ஒரு வருடம் செய்து காட்டியாகிவிட்டது என்றால் இனி காட்ட எதுவும் இல்லை, அவர்கள் ஒரு டீம் லீடை சாதா சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனியிலும் இது உண்டு, 'ஆக்டிங்' என்று சொல்வார்கள். மேல் கிரேடு ஆள் லீவில் இருந்தால் கீழ் கிரேடு ஆள் ஆக்டிங் பார்ப்பார், ஆனால் அந்த நாட்களுக்கு ஆக்டிங் அலவன்ஸ் நான் தனியாக எழுதுவேன். நீ ஒரு வருடம் ஆக்டிங் பார்த்திருக்கிறாய், அலவன்ஸ் இல்லாமல்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். அப்ரைசல் மீட்டிங்கில் உட்கார்ந்து கேட்காதே. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்று முடிந்திருக்கும், பந்தி எடுத்த பிறகு இலை போடச் சொல்வது மாதிரி ஆகிவிடும். உன் கம்பெனியில் ஏப்ரலில் சம்பளம் ஏறும் என்றால் டிசம்பரிலேயே பேச வேண்டும். பேசப் போகும் முன் ஒரு பக்கத்துக்கு எழுது, அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். எந்தத் தேதியிலிருந்து எத்தனை பேரைப் பார்க்கிறாய், என்ன வேலை எப்போது முடித்துக் கொடுத்தாய், உனக்கு முன் அந்த டீம் எப்படி இருந்தது, புதிதாக வந்த எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தாய். 'கடுமையாக உழைத்தேன்' என்ற வார்த்தையே அதில் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். கடைசியில் மூன்றே கேள்வி: டெசிக்னேஷன் எந்தத் தேதியிலிருந்து மாறும், சம்பளம் எவ்வளவு, இது எழுத்தில் எப்போது வரும். அவர் வாயால் என்ன சொன்னாலும் அன்று சாயங்காலமே 'இன்று நாம் பேசியது இதுதானே' என்று நான்கு வரி மெயில் போட்டுவிடு. அவர் வேறு டீமுக்குப் போய்விட்டாலும் அந்த மெயில் இருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பதைத் தனியாகக் கேள், சம்பளப் பேச்சோடு சேர்க்காதே. சேர்த்தால் ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் வாரத்தில் மிச்சம், ஒரு முழு ஷிஃப்ட். வீட்டில் இடம் இருக்கிறதா என்று நீ எழுதவில்லை. நம் பக்கத்து வீடுகளில் ஒரு அறையில் நான்கு பேர் இருப்பார்கள், மிக்சி சத்தத்தில் மீட்டிங் பேச முடியாது, எனக்குத் தெரியும். கொளத்தூரில் 2024-இல் மாநகராட்சிப் பகுதியில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்க இடம் கொடுக்கிறார்கள், படிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். இந்த மாதிரி இடம் வடசென்னையில் வார்டுக்கு ஒன்று வேண்டும் என்பது என் ஆசை.

ஜூன் வரை பார். எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால், ஒன்பது பேரை நடத்திய அனுபவத்தோடு வெளியே தேடு. அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். கல்யாணப் பேச்சைப் பற்றி ஒன்றே ஒன்று: பெண் பார்க்க வருகிறவர்களிடம் நீ வீட்டுக்கு வரும் நேரத்தை நீயே சொல்லு, அம்மாவைச் சொல்ல விடாதே. அம்மா ஏழு மணி என்று குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

*

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஒரு பெரிய துணிக்கடையில் சேல்ஸ்மேன். காலை 9.30-க்கு உள்ளே போனால் இரவு 10.30 ஆகும். உட்காரக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு, பண்டிகை சீசனில் அதுவும் இல்லை. 'வளர்ச்சி, குடும்ப நேரம் எல்லாம் படித்தவங்களுக்குத்தான், நமக்கு எதுக்கு' என்கிறார் கூட வேலை செய்யும் அண்ணன். உண்மையா?
– 22 வயது, கொருக்குப்பேட்டை

தம்பி, அந்த அண்ணன் சொன்னது தப்பு. உங்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் ஓ.டி. சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அந்த ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும். ஓய்வையும் சேர்த்து, உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வருவது வரை மொத்தம் 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உனக்கு 13 மணி நேரம் ஆகிறது. ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, அதைத் தவிர உடம்புக்கு முடியாத நாட்களுக்கும் தற்செயலாக எடுக்கவும் தனித்தனியாக 12 நாட்கள் சட்டத்தில் உண்டு.

உட்காரும் விஷயத்தில் 2021-இல் இந்தச் சட்டத்தையே திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார விட வேண்டும் என்று சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்று 30 வயதிலேயே காலில் நரம்பு சுருண்டுபோன பெண்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்டூல் போடுவது முதலாளிக்குப் பெரிய செலவே இல்லை.

ஆனால் இந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே தனியாகப் போய் நிற்காதே, உன்னை மட்டும் வெளியே அனுப்புவார்கள். முதலில் நான்கைந்து பேர் சேருங்கள். உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள், இரண்டு மாதம் எழுதினால் அதுவே சாட்சி. உன் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேள். பிடித்தால் உனக்கும் வீட்டில் உன்னை நம்பி இருப்பவர்களுக்கும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கலாம். எதுவும் நகரவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். நோட்டோடு போங்கள்.

*

கேள்வி: வேலைக்குச் சேரும்போது டிகிரி ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துத் தருவார்களாம். கொடுக்கலாமா?
– பட்டதாரி, வியாசர்பாடி

கொடுக்காதே. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டு, ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினலை அன்றைக்கே கையோடு எடுத்து வா. உன் சர்டிபிகேட்டைப் பூட்டி வைத்தால்தான் நீ இருப்பாய் என்று நினைக்கிற இடத்தில் வளர்ச்சியைப் பற்றிப் பேசவே முடியாது. ஏற்கனவே கொடுத்துவிட்ட பிள்ளைகள் இருந்தால், திருப்பித் தரச் சொல்லி ரிஜிஸ்டர் தபாலில் எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், ஏழு பேர். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வருகிறார்கள், ஆறு மாதத்தில் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறார்கள். நான் கற்றுக்கொள்ள பத்து வருடம் ஆனது. இவர்களுக்குப் பொறுமையே இல்லை மேடம். என்ன செய்தால் நிற்பார்கள்?
– பட்டறை உரிமையாளர்

சார், உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது, நீங்கள் கேட்டது 'என்ன செய்தால்' என்று. அதனால் நேராகவே சொல்கிறேன்.

அந்தப் பையன் உங்கள் பட்டறைக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் என்ன செய்தான் என்று யோசித்துப் பாருங்கள். துருவல் அள்ளினான், கூலன்ட் ஊற்றினான், டீ வாங்கி வந்தான், ராடு அறுத்தான். மெஷினில் எப்போது கை வைக்கலாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. டெலிவரி வேலையில் இன்றைக்கு எத்தனை ஆர்டர் எடுத்தால் எவ்வளவு என்று போனிலேயே தெரிகிறது, பணம் வாரத்துக்கு வாரம் வந்துவிடுகிறது, ஆள் முன்னால் யாரும் திட்டுவதில்லை. அவன் அதற்குத்தான் போகிறான். அங்கே ஐந்து வருடம் கழித்தும் அவன் அதே வண்டியில்தான் இருப்பான், முதுகு வலி மட்டும் கூடியிருக்கும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இருபது வயதில் அவனுக்கு அது தெரிய வேண்டும் என்றால், உங்களிடம் இருந்தால் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பான் என்பதைக் காட்டினால்தான் உண்டு.

ஆகவே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். மூன்றாவது மாதம் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைத்துத் தப்பில்லாமல் அளவு பார்க்க வேண்டும், பார்த்தால் இவ்வளவு ஏறும். ஆறாவது மாதம் டூல் பிட் தானே தீட்ட வேண்டும், அப்போது ஃபேசிங், டர்னிங் கொடுப்பேன். ஒரு வருடத்தில் டிராயிங் பார்த்து ஒரு ஜாப் முழுதாக முடிக்க வேண்டும். இரண்டாவது வருடம் கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினில் உட்காரவைப்பேன், உங்களிடம் இல்லையென்றால் பழகிய வேறு பட்டறையில் மூன்று மாதம் அனுப்பிக் கற்றுக்கொடுப்பேன் என்று. ஒவ்வொரு படிக்கும் தொகையை எழுதுங்கள். எழுதிய பிறகு மாற்றாதீர்கள். நீங்கள் பத்து வருடத்தில் கற்றதை இரண்டு வருடத்தில் கற்றுக்கொடுத்தால் தொழில் குறைந்துவிடாது, உங்களுக்கு யாரும் சொல்லித்தராமல் மறைத்து மறைத்து வைத்ததால்தானே பத்து வருடம் ஆனது?

தேசிய அப்ரெண்டிஸ் திட்டத்தில் பதிவு செய்து எடுத்தால் பையனுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. முடித்ததும் தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம், பையன்கள் நிற்க அதுவும் ஒரு காரணம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் விடுங்கள். அவசர ஜாப் வந்தால் அந்த ஞாயிறுக்கு இரட்டைக் கூலி கொடுத்து, வாரத்தில் வேறு நாள் விடுங்கள். சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு 'நாளைக்கு வந்துடு' என்று சொல்லும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறதே, அதுதான் பாதிப் பேரை விரட்டுகிறது.

*

கேள்வி: இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், 90 என்று இன்னொருவர் சொன்னார். நாடு முன்னேற அதுதான் வழியா?
– கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

2023 அக்டோபரில் 70 என்று சொன்னவர் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, 2025 ஜனவரியில் 90 மணி நேரப் பேச்சு வந்தது எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் சொன்னதிலிருந்து. இரண்டு பேரும் பெரிய நிறுவனங்களை நடத்தியவர்கள், அவர்கள் தங்கள் உழைப்பை நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் 90-ஐ ஆறு நாளாக வகுத்தால் நாளைக்கு 15 மணி நேரம். மேலே எழுதிய திருவொற்றியூர்ப் பெண்ணின் நான்கு மணி நேரப் பயணத்தைச் சேர்த்தால் 19. மிச்சம் இருக்கும் ஐந்து மணி நேரத்தில் தூங்கி, குளித்து, சாப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று கண்டார்கள்.

நம் சட்டசபையிலேயே 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம், ஆளும் கட்சியைச் சேர்ந்த சங்கம் உட்பட, எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எதிர்த்துப் பேசியவர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். உன் வயதுப் பிள்ளைகளும் இந்தப் பேச்சுக்குள் வர வேண்டும் அம்மா, வேலைக்குப் போவதற்கு முன்பே.

*

கேள்வி: லிங்கி செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏழு வருடமாக டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். தூத்துக்குடி பிராஞ்ச் மேனேஜராகப் போகச் சொன்னார்கள், சம்பளமும் நன்றாகக் கூடும். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நான்தான் அழைத்துப் போக வேண்டும், அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நண்பர்கள் 'வாழ்க்கையையே விட்டுட்ட' என்கிறார்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை.
– 29 வயது, ராயபுரம்

தம்பி, நீ விட்டது ஒரு ஊர் மாற்றத்தை. உன் முதலாளிக்கு அது தெரிந்திருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை, ஏனென்றால் வாயால் 'வேண்டாம் சார்' என்று மட்டும் சொல்லியிருந்தால் 'இவனுக்கு மேலே வர ஆசை இல்லை' என்று அவர் மனதில் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு மெயில் போடு. அம்மாவின் உடல்நிலையால் இப்போது ஊரை விட்டுப் போக முடியாது, சென்னையிலேயே கூடுதல் பொறுப்பு எடுக்கத் தயார், அடுத்த வருடம் இதே சமயத்தில் மறுபடி பேசலாம் என்று. எந்தப் பொறுப்பு என்பதையும் நீயே சொல்லு, இன்னாருடைய இம்போர்ட் கணக்கை நான் முழுதாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி.

உன் தொழிலில் ஊர் மாறாமலே ஏறும் படி ஒன்று இருக்கிறது, அது உனக்கே தெரியும். கஸ்டம்ஸில் தேர்வு இல்லாமல் கொடுக்கும் எச் கார்டிலேயே இருக்கிறாயா, தேர்வு எழுதி வாங்கும் ஜி கார்டு எழுதிவிட்டாயா? எழுதவில்லை என்றால் இந்த வருடம் எழுது. அதற்கு அடுத்து, நீயே கஸ்டம்ஸ் புரோக்கர் ஆவதற்கான எஃப் கார்டு தேர்வு. ஜி கார்டு கையில் இருக்கிற ஆளுக்குத் துறைமுகம் இருக்கிற எந்த ஊரிலும் மதிப்பு உண்டு, ராயபுரத்தை விட்டு அசையாமல் அதை வாங்கிவிடலாம். ஏழு வருடம் பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் பத்திரம் போட்ட கைக்கு அந்தப் பாடம் புதிதாக இருக்காது.

இன்னொன்று, நீ எழுதாமல் விட்டதைக் கேட்கிறேன். கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் மூன்று நாளில் ஒரு நாளை அவர்களிடம் கொடு, அவர்கள் மறுத்தாலும் கேள். யாரும் இல்லை என்றால் அந்த மூன்று நாட்களுக்கு ஆபீஸில் உன் நேரத்தை மாற்றித் தரச் சொல், காலையில் தாமதமாக வந்து இரவு அதிக நேரம் இருக்கிறேன் என்று. ஏழு வருடம் இருந்த ஆளுக்கு இதைச் செய்யாத முதலாளி குறைவு. டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நண்பர்கள் சொன்னதையே நினைத்திருப்பாய், அதனால்தான் தூக்கம் போகிறது. நாளை மறுநாள் போகும்போது கஸ்டம்ஸ் சட்டப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போ. அம்மாவுக்கு ஃபிளாஸ்கில் எடுத்துப் போகிறாய் அல்லவா, உனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்.